பழைய கேமரா ஏலத் தளம்: பேக்கிங் அருமை, பில் எங்கே?

பழைய கேமரா, லென்ஸ் ஏலம் விடும் ஆன்லைன் தளம் ஒன்றுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். அந்த இரண்டும் படங்களுக்கும் பேக்கிங்குக்கும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது, லென்ஸில் பூஞ்சை உண்டா என்பதையெல்லாம் கிட்டத்தில் படமெடுத்துப் போடுகிறார்கள். நல்ல பழைய லென்ஸ் தேடிப் பெங்களூருக்குப் பஸ் ஏறும் என்னைப் போன்ற சேலம் ஸ்டூடியோக்காரனுக்கு இது பெரிய விஷயம். சொன்ன பொருள் சொன்ன நிலையில் வந்து சேருகிறது.

மூன்று நட்சத்திரம் போனது ஒரே காரணத்துக்கு. விற்றவர் யார் என்று காகிதத்தில் வராது. ரசீதில் ஒரு புனைபெயரும் ஏல எண்ணும் இருக்கும், அவ்வளவுதான்.

என் சித்தப்பா மகன் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் சுற்றுலா வருபவர்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறான். இந்தத் தளத்தில் 38,000 ரூபாய்க்குக் கேமரா எடுத்தான். சீசன் நடுவில் வெளியூர் போலீஸ் வந்து, அடியிலிருந்த சீரியல் எண்ணைச் சரிபார்த்து, கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி, கேமராவைக் கொண்டுபோய்விட்டது. ஏதோ கல்யாண மண்டபத்தில் திருடு போனதாம். "அண்ணா, என்னையும் கேஸில் சேர்ப்பாங்களா?" என்று போனில் அழாக்குறை.

அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். தெரியாமல் வாங்கியது குற்றமில்லை என்றார். இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையில்லாமல் வாங்கியவர் மேல்தான் பாயும். பாதி விலைக்கு எடுத்திருந்தால் அந்த விலையே எதிர்சாட்சி. நல்லவேளை, ஏலத்தில் கடைசிவரை போட்டி இருந்தது. பணமும் யூபிஐயில் போயிருந்தது.

ஆனால் கேமரா அவனுடையது ஆகாது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஏலத்தில் எடுத்தாலும் அதேதான். சொந்தக்காரர் ஏமாந்துபோய்த் தானே விற்ற பொருள் என்றால் 29ஆம் பிரிவைக் காட்டி வாதாட இடமுண்டு. திருட்டுக்கு அந்த வழி கிடையாது.

மிச்சம் பணம். அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவைக் காட்டி விற்றவரிடம் திருப்பிக் கேட்கலாம். திருடனே விற்றிருந்து, அவனுக்குத் தண்டனையும் ஆகி, கைதானபோது அவனிடம் பணமும் சிக்கியிருந்தால், கொடுத்த விலை வரை அதிலிருந்து தர நீதிமன்றம் உத்தரவிடலாம்; அது குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 499ஆம் பிரிவு. செலவழிக்காத திருடனாகப் பார்த்து மாட்ட வேண்டும்!

எதற்கும் விற்றவர் பெயர் வேண்டுமே. தளத்தில் கேட்டால் "நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே" என்று பதில். கமிஷன் பிடிக்கும்போது அந்த அடக்கத்தைக் காணோம். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்றவரின் விவரத்தைத் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் போட்ட பிறகுதான் பெயரும் முகவரியும் வந்தன. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. தம்பி வாடகைக் கேமராவில் ஓட்டுகிறான்.

லென்ஸுக்கு மட்டும் நான் இன்னும் அந்தத் தளத்தைப் பார்க்கிறேன், முதலில் வாங்கிய கடை பில்லைப் படத்தோடு போட்டிருந்தால். கேமராவுக்கு, ஜிஎஸ்டி பில் தரும் கடையில் சில ஆயிரம் கூடக் கொடுப்பேன்.