போர்வைக்குள் ஒரு சொகுசு மின்கார், தெருவில் ஒரு பழைய லீஃப்

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு மின்கார்கள் உண்டு. ஒன்று என்னுடைய 2014 நிசான் லீஃப், 24 கிலோவாட் மணி பற்றரி. மற்றது பக்கத்து வளவு அண்ணையின் ஐரோப்பியச் சொகுசு மின்கார். அது இரண்டு வருடத்தில் ஓடியது 4,100 கிலோமீற்றர். என்னுடையது அவ்வளவையும் நாலு மாதத்தில் ஓடிவிடும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. பழைய கார்களின் ஓடோமீற்றர் கணக்கை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2023 இல் ஜூல் ஆய்விதழில் வந்தது. பெற்றோல் கார் வருடத்துக்கு ஏறக்குறைய 18,700 கிலோமீற்றர் ஓட, மின்கார் 11,500 தான் ஓடியிருக்கிறது. அதிலும் டெஸ்லாக்கள் 14,000 தாண்ட, மற்ற மின்கார்கள் 10,000 இல் நின்றுவிட்டன. டெஸ்லாவுக்கு ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் கூட, வழிநெடுக அதற்கென்றே சார்ஜர்களும் இருந்தன. விலை கூடினால் ஓட்டமும் கூடும் என்றில்லை. போய்த் திரும்பலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வண்டி வெளிக்கிடும்.

அண்ணையிடம் அந்த நம்பிக்கை இல்லை. அவரிடம் ஒரு டீசல் ஹைலக்ஸும் நிற்கிறது. வயலுக்கு, கலியாண வீட்டுக்கு, கொழும்புக்கு எல்லாம் அதுதான். இரண்டாவது வண்டியாக வாங்கிய எந்தக் காருக்கும் இதே கதிதான் என்பது என் எண்ணம். கிரவல் வீதியில் அடி தட்டும் என்ற பயம் வேறு.

நிற்பதாலும் கேடு வரும். போன மாரியில் ஒருநாள், "தம்பி, கதவு திறக்குதில்லை, ஒருக்கா வந்து பார்" என்று கூப்பிட்டார். பெரிய பற்றரியில் 90 சதவீதம் இருந்தது. கதவையும் திரையையும் இயக்குகிற சின்ன 12 வோல்ட் பற்றரிதான் செத்துக் கிடந்தது. கைப்பிடிக்குள் ஒளித்திருந்த சாவித் துவாரத்தைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் போனது. அப்புறம் சொன்னேன்: மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் பாதி சார்ஜில் விடுங்கோ, நிரப்பி வைத்தால் இந்த வெக்கைக்குப் பற்றரி கெதியாய்க் கிழடாகும்.

சார்ஜ் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. என் லீஃப் 13 அம்பியர் பிளக்கில் இரவு போட்டால் விடியற்காலை நிரம்பிவிடும். முதலில் வந்த போர்ஷ் டைகான் போன்ற ஒன்றில் 93 கிலோவாட் மணி பற்றரி. அதே பிளக்கில் ஒரு நாளுக்கு மேல் வேண்டும். 270 கிலோவாட் சார்ஜரில் 20 நிமிடச் சொச்சத்தில் 80 சதவீதம் ஏறும் என்பது உண்மைதான். அந்தச் சார்ஜருக்கு வன்னியில் எங்கே போவது? கரண்டும் டைகான்தான் கூடத் தின்னும். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் 100 கிலோமீற்றருக்கு 2014 லீஃபுக்கு ஏறக்குறைய 19 யூனிட், 2020 டைகான் டர்போவுக்கு 30. யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற எங்கள் பில்லில் இது சின்னக் காசில்லை.

சரி, லீஃபின் குறையையும் மறைக்கக் கூடாது. அதன் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை. வெக்கை நேரே பற்றரியைத் தின்கிறது. பற்றரியில் எவ்வளவு வலு மிச்சம் என்று திரையில் கோடுகள், அதாவது பார், காட்டும். புதிதில் 12 பார், எனக்கு இப்போது எட்டு. ஏசி போட்டால் 70 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் 65. போனவருடம் அம்மாவை அங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, நாவற்குழியில் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். அம்மா வியர்வையைத் துடைத்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். அன்று அண்ணையின் கார் என்னிடம் இருந்திருந்தால் போய் வந்து மிச்சமும் இருந்திருக்கும். பெரிய பற்றரிக்கு உண்மையான வேலை அந்த மாதிரி நாளில்தான்.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா அக்வா மாதிரிக் கலப்பின வண்டி இந்த இரண்டுக்கும் நடுவில். 36 லீற்றர் டாங்கை நிரப்பினால் கொழும்பு போய்த் திரும்பலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் என்று கார்க்காரர் வரிசையில் நின்றதை நான் மறக்கவில்லை. அந்த வருடம் வீட்டுப் பிளக்கில் ஓடியவர்கள்தான் வேலைக்கு நேரத்துக்குப் போனார்கள்.

ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும், மாதம் இரண்டு தரம் யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ போக வேண்டும் என்றால் கலப்பினம் எடுங்கள். வீட்டில் வேறு வண்டி இருந்து, தினம் 40 கிலோமீற்றருக்குள் ஓட்டமென்றால் லீஃப் போதும். சொகுசு மின்காரை, அதை முதல் வண்டியாகவே ஓட்டப் போகிறவர் மட்டும் வாங்கட்டும்.

லீஃப் பார்க்கப் போகிறவர்கள் திரையில் தெரியும் பாரை மட்டும் நம்ப வேண்டாம். சிலர் கணக்கை அழித்து 12 பார் காட்டி விற்கிறார்கள். பற்றரியின் உண்மை நிலையைக் காட்டும் லீஃப்ஸ்பை என்ற கைபேசிச் செயலியில் பாருங்கள். அல்லது கிளிநொச்சியில் ஏறி, ஏசி போட்டு, ஆனையிறவு போய்த் திரும்பி வந்து எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறதென்று பாருங்கள்.