ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்குப் பெரிய இன்ஜெக்டர்: நாலு வருஷம், 41,000 கிலோமீட்டர் கழித்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஜெக்டர் (என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசி) மாற்றியதால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடவில்லை. வீட்டுப் போர்டிகோவில் நான் கையெல்லாம் பெட்ரோல் வாடையோடு நின்றபோது, பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இத மாத்துனா வண்டி பறக்குமுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க, ஏற்கனவே பறக்கிற வண்டி உருகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

வண்டி 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். நம் ஊருக்கு வந்த 1.8 டர்போ, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். நான் வாங்கியபோதே ரீமேப், அதாவது என்ஜின் கணினியின் மென்பொருள் மாற்றம், ஆகியிருந்தது. பிறகு கே03 டர்போவைக் கழற்றி அதைவிடப் பெரிய கே04 மாட்டினேன். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது: காற்று கூடியது, பழைய இன்ஜெக்டர் ஈடுகொடுக்கவில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் லேப்டாப்பை மாட்டி லாக் எடுத்தபோது, 6,000 ஆர்பிஎம்மில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 18.6 மில்லி விநாடி என்று காட்டியது. அந்த வேகத்தில் இரண்டு சுற்றுக்கு, அதாவது ஒரு முழுச் சுழற்சிக்கு, இருப்பதே 20 மில்லி விநாடிதான். 93 சதவீத டியூட்டி, அதாவது அந்த அளவு நேரம் திறந்தே கிடக்கிறது! 85ஐத் தாண்டினாலே ஊசி ஒழுங்காக மூட நேரமில்லாமல் பாய்ச்சல் தாறுமாறாகிவிடும். புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரும் அதையே சொன்னது. ரீமேப்பில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவுகோல், எண் ஏறினால் பெட்ரோல் குறைவு) 0.84 கேட்டிருக்க, வந்தது 0.88. டர்போ வண்டியில் ஃபுல் பூஸ்ட்டில் பெட்ரோல் குறைவது பிஸ்டனுக்கு உலை வைப்பது மாதிரி.

எந்த அளவு எடுப்பது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். ஆடி டிடி 225 மாடலில் வரும் இன்ஜெக்டர் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 386 சிசி. நாலு இன்ஜெக்டர், 80 சதவீத டியூட்டி என்று வைத்தால் நிமிடத்துக்கு 1,235 சிசி. எடையில் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோ பெட்ரோல். அது 220 குதிரைத்திறனுக்குத் தாராளமாகப் போதும், என் கே04இலிருந்து அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை. 630 சிசி போட்டால் என்ன என்று நண்பர்கள் உசுப்பினார்கள். தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் ஐட்லிங்கில் கண்ணிமைக்கும் நேரம்தான் திறக்கும். அந்தச் சின்ன அளவில் நாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிக்னலில் குலுங்கிக்கொண்டு நிற்க எனக்கு ஆசையில்லை.

முதலில் ஆன்லைனில் மலிவாக ஒரு செட் வாங்கி ஏமாந்தேன். பெட்டியும் எண்ணும் அசல் மாதிரியே இருந்தன. நல்ல வேளை, மாட்டும் முன் கோவையிலேயே டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். 30 விநாடியில் 193 மில்லி வர வேண்டும். மூன்று 190ஐ ஒட்டி வந்தன, நாலாவது 171. இதில்தான் என்ஜினின் உயிர் போகும் ஆபத்து. ஆக்சிஜன் சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் கலந்துதான் மோப்பம் பிடிக்கிறது. ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடப்பது இசியுவுக்கு, அதாவது என்ஜின் கணினிக்கு, தெரியவே தெரியாது. அந்தப் பணம் போனது போனதுதான். பிறகு பழைய டிடி என்ஜினிலிருந்து கழற்றிய அசல் செட் ஒன்று கிடைத்தது. அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து பார்த்ததில் நாலும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போயின.

மாட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள், பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயான ரெயிலைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். கஷ்டம் போல்ட்டில் இல்லை, பதினைந்து வருஷ வெப்பத்தில் அப்பளமாகிப்போன பிளாஸ்டிக்கில். ஒரு கனெக்டர் கிளிப் கையோடு வந்துவிட்டது. இன்ஜெக்டர் உட்காரும் பிளாஸ்டிக் கப்பில் ஒன்று விரிசல். அதை விட்டால் காற்று கசியும். நாலையும் புதிதாகப் போட்டேன்.

கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்குக்கு என்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி உட்கார வைக்க வேண்டும். மூன்றாவதில் நான் அவசரப்பட்டு ரெயிலைத் தட்டி இறக்கினேன். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி பம்பை ஓடவிட்டுப் பார்த்ததால் பிழைத்தேன். ரிங் நசுங்கி, பெட்ரோல் இன்டேக் மேனிஃபோல்டில் வழிந்தது. கையில் தீயணைப்பான் வைத்திருந்தேன். அப்பா வாசலில் பற்றவைக்கப் போன ஊதுபத்தியை வாங்கி வைத்தேன்.

வேலையின் மறுபாதி மென்பொருளில். இன்ஜெக்டர் அளவுக்கான எண்ணை விகிதப்படி மாற்றியவுடன் வண்டி ஓடியது. ஆனால் இரவில் ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் சேர்ந்தால் ஐட்லிங் மூச்சு வாங்கியது. வோல்டேஜ் குறையும்போது இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், அந்தத் தாமதம் இன்ஜெக்டருக்கு இன்ஜெக்டர் வேறுபடும். டியூனர் அந்த அட்டவணையையும் திருத்தியபின் இன்றுவரை காலை ஸ்டார்ட் ஒரே திருப்பில். எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது, ஏமாந்த செட் தனி.

அதன்பின் 6,000 ஆர்பிஎம்மில் 15.9 மில்லி விநாடி, லாம்டா கேட்டபடி 0.84. மைலேஜில் மாற்றமில்லை. 20,000 கிலோமீட்டரில் கழற்றிச் சுத்தம் செய்தேன். ப்ளக் நாலும் ஒரே காபி நிறம்.

நான் எதிர்பாராதது பெட்ரோல் மாறியதை. 10 சதவீத எத்தனால் 20 ஆனபோது, ஒரு மாதத்துக்குள் இசியுவின் பார்ஷியல் லோடு திருத்தம், அதாவது சாதாரண ஓட்டத்தில் அது தானாகக் கூட்டும் பெட்ரோல் அளவு, 1 சதவீதத்திலிருந்து 5க்கு ஏறியது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். இப்போது அதே ஆர்பிஎம்மில் 16.5 மில்லி விநாடி, 82.5 சதவீதம். பழைய இன்ஜெக்டரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இன்னொன்று. தயாரிப்பாளர் தந்த அசல் விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸ்காரரும் இதைக் காட்டிக் கையை விரிக்கலாம். தெரிந்துதான் செய்தேன், நீங்களும் தெரிந்தே செய்யுங்கள்.

போன வாரத்திலிருந்து இன்ஜெக்டர் பக்கம் லேசாகப் பெட்ரோல் வாடை. கசிவு கண்ணுக்குத் தெரியவில்லை. எத்தனாலைத் தாங்கும் புது ஓ ரிங் செட் வந்துவிட்டது. ஞாயிறு காலை, ஊதுபத்திக்கு முன்னால், ரெயிலைக் கழற்றுகிறேன்.