சென்னை – பெங்களூரு: விமானமா, சாலையா?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு சாலை வழியே சுமார் 350 கிலோமீட்டர். வான்வழியில் 300கூட வராது. விமானத்தில் ஒரு மணி நேரம், காரில் ஆறு மணி நேரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பல வருஷமாக இரண்டு ஊருக்கும் அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பெங்களூரில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை முதலில் பாருங்கள்.

எனக்கு வீடு குரோம்பேட்டை. மீனம்பாக்கம் கூப்பிடு தூரம். ஆனால் ஆரம்பத்தில் ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தது. பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில், எலெக்ட்ரானிக் சிட்டி தென்கோடியில். நடுவே 50 கிலோமீட்டருக்கு மேல். வானத்தில் இருந்ததைவிட வாயு வஜ்ரா என்ற விமான நிலையப் பஸ்ஸில் ஹெப்பால், சில்க் போர்டு என்று ஊர்ந்த நேரம்தான் அதிகம். வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. டாக்ஸி எடுத்தால் சில நாள் அதன் வாடகையே விமான டிக்கெட்டை எட்டிவிடும்.

அந்தக் காலத்தில் எனக்குச் சரிப்பட்டது இரவு பஸ்தான். ஓசூர், அத்திப்பள்ளி தாண்டினால் ஊருக்குள் நுழையும் முன்பே எலெக்ட்ரானிக் சிட்டி வந்துவிடும். காரில் போனால் ஸ்ரீபெரும்புதூர் – வாலாஜா இடையில் லாரிகளும் மாற்றுப்பாதைகளும் பொறுமையைச் சோதிக்கும். வேலூர் தாண்டினால் வண்டி ஓடும். அப்புறம் பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று வரிசையாக டோல்கேட். ஃபாஸ்டேக் வந்த பிறகும் பண்டிகை நாளில் கிருஷ்ணகிரியில் நின்றுதான் போகவேண்டும். ஆனால் அங்கிருந்து சூளகிரி பக்கம் ஏற ஏற காற்றே மாறிவிடும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அல்லவா! ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கிவிடுவேன். இந்தச் சுகம் விமானத்தில் கிடையாது.

அப்புறம் ஆபீஸ் ஊரின் வடக்கே, விமான நிலையம் போகும் வழியில் இருக்கும் ஹெப்பால் பக்கம் மாறியது. கணக்கு அப்படியே தலைகீழ். இறங்கி முக்கால் மணி நேரத்தில் சீட்டில் உட்கார்ந்துவிடலாம். கைப்பை மட்டும் எடுத்துப் போனால் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரமும் மிச்சம். பறப்பதே கொஞ்ச நேரம்தான். காபி வாங்கி வாயில் வைப்பதற்குள் குப்பைப் பையோடு பணிப்பெண் வந்து நிற்பார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளியில் மூடுபனி இறங்கும். அதிகாலை விமானத்தை நம்பி ஒன்பது மணி மீட்டிங் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரின் கிழக்கே ஒயிட்ஃபீல்டு போகிறவர்களுக்கு ஓசூர் சாலையே வேண்டாம். ராணிப்பேட்டையில் பிரிந்து சித்தூர், பலமனேர், கோலார் வழியாக ஹொஸ்கோட்டே போய்விடுங்கள், தூரமும் குறைவு. புதிய எக்ஸ்பிரஸ்வே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரைக்கும். கர்நாடகப் பகுதியில் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. முழுதாகத் திறந்தால் என் கணக்கெல்லாம் மாறலாம்.

மெஜஸ்டிக் பக்கம் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். வந்தே பாரத் நாலரை மணி நேரத்துக்குள் ஊர் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும்.

குடும்பத்தோடு போவதென்றால் இப்போதும் கார்தான் எடுக்கிறேன். நாலு பேருக்கு விமான டிக்கெட் போடும் காசில் டீசல், டோல், ஆம்பூர் பிரியாணி எல்லாம் அடங்கிவிடும்.