யூசர்ஆட்டா, ஆட்யூசரா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறோம். ஆறு பழைய மெஷின், எல்லாவற்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ். போன மாதம் புதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு திறக்கும் வேலையை, திருநெல்வேலியிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவரிடம் விட்டேன். கணக்கு திறக்க லினக்ஸில் யூசர்ஆட், ஆட்யூசர் என்று இரண்டு கமாண்ட் உண்டு. அவர் யூசர்ஆட் என்று அடித்து, பக்கத்தில் பெயரை மட்டும் கொடுத்து, பாஸ்வேர்டும் வைத்துவிட்டார். கருப்புத் திரையில் லாகின் செய்தால், டைரக்டரி இல்லை என்று ஒரு வரி, அதன் கீழே வெறும் டாலர் குறி. மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கமாண்ட் வராமல் அடைப்புக்குறிகள் வந்து விழுந்தன.

"அண்ணே, எங்க ஆபீஸ் சர்வர்ல இதே கமாண்ட் சரியாத்தானே வேலை செய்யுது?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அவர் ஆபீஸில் இருப்பது ரெட் ஹாட் என்ற வேறொரு லினக்ஸ். அங்கே லாகின்.டெஃப்ஸ் என்ற செட்டிங் ஃபைலிலேயே ஹோம் டைரக்டரி (அந்த ஆளின் சொந்த ஃபோல்டர்) உருவாக்கு என்று எழுதியிருக்கும். டெபியனிலும் அதிலிருந்து வந்த உபுண்டுவிலும் அப்படி இல்லை. -எம் என்று நாமே சொல்ல வேண்டும். நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டுவது ஷெல்; அதில் பாஷ் என்ற வகை வேண்டுமென்றால் -எஸ் போட்டு அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கிடைப்பது சாதாரண எஸ்எச் ஷெல். அம்புக்குறி வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான்.

ஆட்யூசர் வேறு மாதிரி. டெபியன்காரர்கள் பெர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் இது; உள்ளே யூசர்ஆட்டைத்தான் கூப்பிடுகிறது. ஹோம் டைரக்டரி போடும், ஸ்கெல் என்ற மாதிரி டைரக்டரியில் இருப்பதை அதில் காப்பி செய்யும், பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். பிறகு முழுப்பெயர், அறை எண், ஆபீஸ் போன், வீட்டு போன் என்று வரிசையாகக் கேட்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏது ஆபீஸ் போன்? என்டர் தட்டிக்கொண்டே போகலாம். இந்த விவரங்கள் போய் உட்காரும் இடத்துக்கு ஜீகாஸ் என்று பெயர். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் பிரின்ட் எடுக்கப் பயன்படுத்திய வேறொரு மெஷினின் ஓஎஸ் பெயர் அது. அந்த மெஷின் போய்விட்டது, பெயர் மட்டும் பாஸ்வேர்ட் ஃபைலில் இன்னும் இருக்கிறது.

கையால் ஒன்றிரண்டு கணக்கு திறக்க, டெபியன் குடும்பத்தில் நான் தயங்காமல் ஆட்யூசரைத்தான் சொல்வேன். ஆனால் ரெட் ஹாட்டில் ஆட்யூசர் என்பது யூசர்ஆட்டுக்கு இன்னொரு பெயர், வெறும் சிம்லிங்க், அதாவது அதைச் சுட்டும் குறுக்குவழி. அங்கே அது எதையும் கேட்காது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் இருப்பது, பல கமாண்டுகளை ஒன்றாக அடக்கிய பிஸிபாக்ஸ் தரும் ஆட்யூசர். அதன் ஆப்ஷன்களே வேறு. லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டியில் கேள்வி கேட்டுத் திறக்க ஆட்யூசர், ஸ்கிரிப்டுக்கு பிடபிள்யூ என்ற கமாண்ட்.

அதனால் பல வகை லினக்ஸ் சர்வர்களில் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் யூசர்ஆட்தான் சரி, -எம், -எஸ் இரண்டையும் எழுதியே வைக்க வேண்டும். அதில் ஒரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். -பி என்ற ஆப்ஷன் பாஸ்வேர்டைக் கேட்பதில்லை, ஹாஷ் செய்த, அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றிய, வடிவத்தைக் கேட்கிறது. நேரடியாக பாஸ்வேர்டைக் கொடுத்தால் எர்ரர் வராது, கணக்கும் உருவாகிவிடும், ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை முறை சரியாக அடித்தாலும் உள்ளே போக முடியாது. போதாததற்கு, கொடுத்தது, ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலிலும், அடித்த கமாண்டுகளின் ஹிஸ்டரியிலும் தெரியலாம். பாஸ்வேர்ட் வைக்கும் சிஎச்பாஸ்வேர்ட் கமாண்டுக்குப் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்ட் என்று பைப்பில் (ஒரு கமாண்ட் தருவதை இன்னொன்றுக்கு ஊட்டும் வழியில்) அனுப்புவதே நல்லது.

குரூப்பில் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். கணக்கை மாற்றும் யூசர்மாட் கமாண்டில் குரூப்புக்கான பெரிய எழுத்து ஜி போடும்போது, இருப்பதோடு சேர் என்று சொல்லும் -ஏ விட்டுப்போனால், அந்த ஆள் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குரூப்களிலிருந்தெல்லாம் கழன்றுவிடுவார். அட்மின் உரிமை தரும் சூடோ குரூப்பும் அதில் போகலாம். டெபியனில் ஆட்யூசருக்குப் பக்கத்தில் ஆள் பெயரும் குரூப் பெயரும் கொடுத்தால் போதும், இந்த ஆபத்தே இல்லை.

தம்பியும் நானும் அந்தக் கணக்குகளை யூசர்டெல் போட்டு நீக்கி, ஆட்யூசரில் ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒவ்வொரு கணக்குக்கும் சேஜ் -டி பூஜ்யம் கொடுத்தோம்; முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் கமாண்ட் அது. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் முதல் லாகினிலேயே தங்கள் பாஸ்வேர்டைத் தாங்களே, திரையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மாற்றினார்கள்.