பழைய கிராண்ட் பியானோ: மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

நூறு வருடம் தாண்டிய கிராண்ட் பியானோ வாங்கப் போகிறவர்கள் முதலில் மரத்தின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், அப்புறம் பெயரை. கட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் பொறியைப் பார்ப்பவர்கள் குறைவு. வாசிக்கும் விரலோடு பேசப்போவது அதுதான்.

எந்தப் பொறிக்கும் வேலை ஒன்றே. சுத்தியலைக் கம்பி மேல் எறிய வேண்டும். அது கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிடியை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் சுத்தியல் கம்பியிலேயே ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். விட்ட சுத்தியலை அடுத்த அடிக்கு எப்படி மீட்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

இன்றைய கிராண்ட்கள் பெரும்பாலும் பிரெஞ்சு பியானோ தயாரிப்பாளர் செபஸ்தியான் எராரின் வாரிசுகள். 1821-இல் அவருடைய சகோதரரின் மகன் பியேர் லண்டனில் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. திரும்பி வரும் சுத்தியலை ஸ்பிரிங் வைத்த நெம்புகோல் ஒன்று பாதி வழியில் தாங்கிக்கொள்ளும். அதனால் கட்டை முழுக்க மேலே வர வேண்டியதில்லை. சற்று எழுந்தாலே, சுத்தியலை உந்தும் துண்டு சுத்தியல் தண்டிலுள்ள தோல் உருளைக்கு அடியில் மறுபடி போய் நின்றுவிடும்.

வியன்னா பொறி வேறு சாதி. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்துப் பியானோ தயாரிப்பாளர் யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷ்டைன் வடிவமைத்த வழி; 1777-இல் மொசார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் புகழ்ந்தது அவருடைய பியானோக்களைத்தான். இதில் சுத்தியல் கட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும், தலை வாசிப்பவரைப் பார்த்தபடி. பழைய கருவிகளில் தொடுகை இலேசு, பேச்சு மாதிரி தெளிவான ஒலி. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பியானோவும் சுத்தியலும் பெரிதாகப் பெரிதாக, அந்த இலேசு போய்விட்டது. பிற்கால வியன்னா கிராண்டில் நவீன வாசிப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அதிகம் குழப்புவது புளூத்னர். ஜெர்மனியின் லைப்சிக்கில் 1853-இல் தொடங்கிய இந்த நிறுவனம் தனக்கென்று ஒரு காப்புரிமைப் பொறியைப் பல பத்தாண்டுகள் பொருத்தியது. அதில் உருளையும் இல்லை, எரார் வகை நெம்புகோலும் இல்லை. உந்தும் துண்டை இடத்துக்கு இழுத்து வருவது ஒரு ஸ்பிரிங். துண்டுகள் குறைவு, தொடுகை சுகம். மெதுவான பாட்டில் விரலுக்கும் ஒலிக்கும் நடுவில் யாருமே இல்லாதது போலிருக்கும். குறை எங்கே என்றால், கட்டையை முழுக்க மேலே வரவிடாமல் அதே சுரத்தை விரைவாகத் தட்டும்போது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மெல்லத் தட்டிய சுரம் வாராமலே போகும்.

இதனால் சந்தையில் இதற்கு விலை குறைவு. என் கணக்கில் அது கொஞ்சம் அநியாயம். சீராக்கத் தெரிந்த டெக்னீஷியன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். 1873-க்குப் பிந்தைய கருவிகளில் மேல் சுரங்களுக்கு, சுத்தியல் தொடாமல் கூடவே அதிரும் நாலாவது கம்பியும் சேர்ந்து வரக்கூடும். டெக்னீஷியன் இல்லையென்றால் வேண்டாம். பொதுவாகக் கிடைக்கும் உதிரிப் பாகங்கள் இதற்குப் பொருந்தாது. எரார் வகை உருளைப் பொறியாக மாற்றலாம் என்பார்கள். அதற்கு ஆகும் செலவில் வேறு பியானோவே பார்க்கலாம்.

ஆண்டை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். புளூத்னர் காப்புரிமைப் பொறி, உருளைப் பொறி இரண்டு வகையும் ஒரே காலத்தில் விற்றது. பொறியை வெளியே இழுக்கச் சொல்லி, சுத்தியல் தண்டுகளுக்கு அடியில் உருளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது காப்புரிமைப் பொறி.