ரயிலா, ஊசியா, பாடப் புத்தகமா? ஏழாம் வகுப்புக்கு மூன்று திட்டங்கள்

அக்கா மகன் இந்த வருஷம் குன்னூரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஏழாம் வகுப்புப் பாடங்களை வீட்டிலேயே படிக்கட்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். திட்டம் போடும் வேலை எனக்கு. கலையோடு சேர்த்துத்தான் சொல்லித்தர வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. எதோடு எதைச் சேர்ப்பது என்பதில்தான் மூன்று வழிகள் கிடைத்தன.

மூன்றையும் ஒரே கேள்வியால் சோதித்தேன். படத்தையோ தையலையோ பாட்டையோ எடுத்துவிட்டால் பாடம் அப்படியே நிற்கிறதா? நின்றால், அந்தக் கலை மேலே ஒட்டிய ஜிகினாதான்.

முதல் வழி, பாடப் புத்தகத்தை வரிசையாக நடத்தி, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சார்ட், ஒரு மாடல் செய்யச் சொல்வது. பாடம் குறித்த நாளில் முடியும், தேர்வுக்கும் பயமில்லை. ஆனால் என் கேள்வியில் இது பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் அப்படிப்பட்ட சார்ட்டுகளில் பாதியை அம்மாக்கள்தான் வரைந்து கொடுத்தார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: சோலைக்காட்டு இலையைக் கையில் வைத்துக்கொண்டு நரம்பு நரம்பாக வரைவது. வரையாமல் அந்த இலையை யாரும் அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடும். துணியில் முன்கூட்டிக் கோடு போடுவதில்லை, இழைகளை எண்ணித்தான் ஊசி போகும். ஓர் இழை பிசகினால் அடுத்த வரிசை முழுக்கக் கோணும். சமச்சீர், காரணிகள், ஆயத்தொலைவு மூன்றும் இங்கே விரல் நுனியில் இருக்கின்றன. பத்து பத்தாக எண்ணிக்கொண்டு வந்தவன், பதினான்கு இழை அகலப் பட்டையில் மூன்று இழைக் கட்டங்கள் ஏன் பொருந்தவில்லை என்று தானே கண்டுபிடித்தான்.

இதில் இரண்டு விஷயங்கள் என்னைத் தயங்க வைக்கின்றன. அறிவியல் இதில் மெலிந்துபோகிறது. சாயம், வேதியியல் என்று இழுத்தால் வலிந்து நுழைத்ததாகிவிடும். அப்புறம், இது ஒரு சமூகத்தின் பெண்கள் காத்துவரும் கலை. யூடியூபில் பார்த்து நாமே போட்டுக்கொள்ளக் கூடாது. ஒரு தோடப் பெண்மணியிடம் உரிய கூலி கொடுத்து, அவர் எதைச் சொல்லித்தர விரும்புகிறாரோ அதை மட்டும் கற்க வேண்டும். அதற்கு நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, நம் நீலகிரி மலை ரயில். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதால் சொல்லவில்லை. இதன் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பாடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை பாதை வந்தது. மேட்டுப்பாளையத்தின் உயரம் சுமார் 326 மீட்டர், ஊட்டி சுமார் 2,203 மீட்டர், பாதை ஏறக்குறைய 46 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்து பார் என்றேன். 46 சென்டிமீட்டர் நீளம் வந்தது, உயரம் இரண்டு சென்டிமீட்டர்கூட வரவில்லை.

"சித்தி, இவ்வளவு ஏறுற ரயிலு இவ்வளவு தட்டையாவா இருக்கும்?" என்றான்.

அந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் திட்டம் எனக்குப் பிடித்துப்போனது. உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு பெரிதாக்கி மறுபடி வரைந்தோம். எது உண்மையான படம், எது கண்ணுக்குப் புரியும் படம் என்று அரை மணி நேரம் பேசினோம். அது கணக்கா, ஓவியமா என்று பிரிக்கவே முடியவில்லை. சராசரியாக 25 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம் என்று வந்தது. ஆனால் செங்குத்தான இடத்தில் சுமார் 12 மீட்டருக்கே ஒரு மீட்டர் ஏறுகிறதே? கல்லாறு வரை கிட்டத்தட்ட சமதளம் என்று வரைபடத்தைப் பார்த்து அவனே சொன்னான். பிறகு, ஏற்றத்தில் வழுக்காமல் பிடித்து ஏற உதவும் பல்சக்கரம், பல்தண்டவாளம். மேலே ஏறும்போது எஞ்சின் ஏன் பின்னால் நின்று தள்ளுகிறது என்பதை அட்டையில் செய்து பார்த்தோம். தமிழுக்கு, எஞ்சின் மூச்சின் தாளத்தைக் கைதட்டி எண்ணி, காவடிச்சிந்து மெட்டில் நான்கு வரி. முதல் இரண்டு வரி நன்றாக வந்தது, மற்ற இரண்டையும் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறான்.

ரயிலின் குறை மழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் வண்டி அடிக்கடி ரத்தாகும். அதனால் அந்த மூன்று மாதம் வீட்டுக்குள் ஊசி, பொங்கல் கழிந்ததும் ரயில் என்று வைத்திருக்கிறேன். பாடப் புத்தகம் தினமும் காலை ஒரு மணி நேரம், ஆங்கிலத்துக்கும் விட்டுப்போகும் பாடங்களுக்கும் மட்டும். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்று சொல்லும் வீடுகளுக்கு ரயிலைத்தான் சொல்வேன்.

வரைபடம் சுவரில் ஒட்டியிருக்கிறது. 16 சுரங்கப்பாதைகளை எங்கே குறிப்பது என்று இப்போதே கேட்கிறான். ஜனவரியில் மேட்டுப்பாளையம் போய், காலை வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும்.