பென்னாகரம் ரோட்டு அஞ்சு மணிக் கடை: டீ, கடலைச் சட்னி, டிம் டீபோ

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து பென்னாகரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கூரை போட்ட டீக்கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. நாலரைக்கெல்லாம் பாய்லர் சூடேறிவிடும். ஒகேனக்கல் போகிற பஸ்காரர்கள், சாமந்தி மூட்டையோடு வந்து இறங்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்குப் படுத்து எழுந்தவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் மூன்று பேர் அதை அஞ்சு மணிக் கடை என்போம். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போகிற உரிமையில் இதை எழுதுகிறேன்.

ஏன் ஞாயிறு, ஏன் ஐந்து மணி என்று சொல்லிவிடுகிறேன். நான் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்கிறேன். பெங்களூரில் ஆறு வருடம், இப்போது வீட்டிலிருந்தே. வாரத்தில் ஐந்து நாள் விடிய விடிய உட்கார்ந்து பழகிய உடம்பு சனிக்கிழமை ராத்திரியும் தூங்காது. அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் நடப்பது சனிக்கிழமைதான். அங்கே கிழக்குக் கரையில் ராத்திரி ஏழரைக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே ஞாயிறு விடியற்காலை ஐந்து. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஆறு. திங்கட்கிழமை கிளையன்ட் மேனேஜர்கள் வேலைப் பேச்சுக்கு முன்னால் பத்து நிமிடம் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என் கிளையன்ட் புளோரிடாவில். அப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

சித்தி மகன், எனக்குத் தம்பி, புளோரிடா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துவிட்டு வந்து ஓசூரில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவான். மூன்றாவது ஆள் பெங்களூரில் என்னோடு வேலை செய்த அண்ணன். காவேரிப்பட்டினத்துக்காரர், பனியிலும் பைக்கில் வந்துவிடுவார். அவர் டீம் அலபாமா கிளையன்டைப் பார்த்தது, அதனால் அவர் அலபாமா கட்சி. இவர்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாக ஒரே ஆளைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். புளோரிடா அணியின் பழைய ஆட்டக்காரர் டிம் டீபோ.

அதற்கு முன்னால் டீ. பால் தண்ணியாக இருக்காது. டிக்காஷனைத் துணி வடிகட்டியில் ஒருமுறைதான் இறக்குவார், இரண்டாம் தண்ணி விடுவதில்லை. விலை 15 ரூபாய். சர்க்கரை கம்மி என்று சொன்னால் கம்மியாகவே வரும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நம் ஊரில் பாதிக் கடையில் அந்த வார்த்தை காதில் விழுவதே இல்லை. காபி வேண்டாம், இன்ஸ்டன்ட் பொடி.

ஐந்தரைக்கு இட்லி இறங்கும். இட்லி நல்ல இட்லி, அவ்வளவுதான். நான் போவது கடலைச் சட்னிக்காக. கடைக்கார அக்கா நிலக்கடலையைத் தோலோடு வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, ஒரு சுளைப் புளி வைத்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுவார். மழமழவென்று அரைக்க விடமாட்டார். வாயில் போட்டால் முதலில் பூண்டு, அப்புறம் புளி, கடைசியில் பல்லில் சிக்குகிற கடலைத் துகள். தேங்காய் ஒரு சொட்டு கிடையாது. தக்காளி சட்னியும் உண்டு. பாலக்கோட்டில் தக்காளி விலை ஏறினால் அது நிற்கும், கடலைச் சட்னி நின்றதே இல்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சியில் 10 கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுக்க வேண்டும். டீபோ புளோரிடா அணிக்கு 2006 முதல் 2009 வரை ஆடியவர். 2007-ல் ஹெய்ஸ்மன் விருது வாங்கினார், அந்த வருடத்தின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்குக் கொடுப்பது அது. இரண்டாம் வருட மாணவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. எதிரணியின் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன். அந்த ஒரு சீசனில் 32 டச்டவுன் எறிந்தார், 23 டச்டவுன் தானே ஓடி எடுத்தார்.

தம்பி இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வான். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற கெயின்ஸ்வில்லில் ஸ்டேடியத்துக்கு வெளியே டீபோவுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. புளோரிடாவில் ஹெய்ஸ்மன் வாங்கிய மற்ற இரண்டு பேர், 1966-ல் ஸ்டீவ் ஸ்பரியர், 1996-ல் டேனி வர்ஃபல். அவர்கள் சிலையும் அங்கேயே. சேர்ந்த முதல் வாரமே போய் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன் என்பான்.

அண்ணன் விடமாட்டார். "ரெண்டு சாம்பியன்ஷிப்புன்னு சொல்றியே, 2006-ல குவார்ட்டர்பேக் யாரு? கிறிஸ் லீக். ஒஹையோ ஸ்டேட்டை 41-14-னு அடிச்சது அவரு டீம். உன் ஆளு நடுவுல நடுவுல வந்து போனவரு. ஹெய்ஸ்மன் வாங்குன வருஷம் டீம் நாலு மேட்ச் தோத்துச்சு. 2009-ல எங்க கிட்ட 32-13. அன்னைக்கு அழுதது உலகமே பார்த்துச்சு. அப்புறம் என்.எஃப்.எல்-ல என்ன கிழிச்சாரு?"

என்.எஃப்.எல் என்பது காலேஜுக்கு மேலே, சம்பளத்துக்கு ஆடுகிற தொழில்முறைப் போட்டி. தம்பிக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் வலிக்கும். 2011-ல் டென்வர் அணி ஒன்று ஜெயித்து நான்கு தோற்றுக் கிடந்தபோது டீபோ உள்ளே வந்தார், முதலிலிருந்தே இறங்கி ஆடிய 11 ஆட்டத்தில் ஏழு ஜெயித்தார். 2012 ஜனவரி 8-ம் தேதி பிட்ஸ்பர்க்கோடு ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதன் முதல் பந்திலேயே டிமேரியஸ் தாமசுக்கு எறிந்தார், 80 கஜம், ஆட்டம் முடிந்தது. ஆனால் அந்த சீசனில் அவர் எறிந்ததில் பாதி கூடப் போய்ச் சேரவில்லை, 46.5 சதவீதம்தான். அடுத்த வாரமே நியூ இங்கிலாந்திடம் 45-10. அதற்கப்புறம் எந்த அணியிலும் நிலைக்கவில்லை. பேஸ்பால் கூட முயற்சி செய்தார், அதிலும் மேல் மட்டத்துக்குப் போகவில்லை. இதை அண்ணன் சொல்லும்போது தம்பி இட்லியைப் பிசைந்துகொண்டே இருப்பான், சாப்பிட மாட்டான்.

போன சீசனில் ஒரு ஞாயிறு கடைக்காரரை நடுவராக இழுத்தோம். அவர் காலேஜில் கபடி ரைடர். பாய்லருக்கு மேலே மாட்டியிருக்கிற டீம் போட்டோவில் இரண்டாவது வரிசையில் முட்டியில் கட்டோடு நிற்பவர் அவர்தான். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து யூடியூபில் மூன்று துண்டு காட்டினோம்.

முதலில் 2006, எல்.எஸ்.யூ எனும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால். எல்லோரும் டீபோ தலையால் முட்டிக்கொண்டு உள்ளே போவார் என்று நிற்கிறார்கள். அவரும் அப்படித்தான் ஓடி வருகிறார். கூட்டத்துக்கு முன்னால் வந்ததும் எம்பிக் குதித்து, காற்றில் இருந்தபடியே பந்தை மெதுவாகத் தட்டிவிடுகிறார். பின்னால் தனியாக நின்றவன் பிடித்துவிட்டான். மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "இது கபடிம்மா. வர்றேன்னு காட்டிட்டு வராம நிக்கறது. இதுக்கு நெஞ்சு வேணும்." மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார்.

அடுத்தது 2008 செப்டம்பர் 27, ஓல் மிஸ் எனும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். புளோரிடா 31-30 என்று ஒரு புள்ளி பின்னால், சொந்த ஊரிலேயே. நான்காவது முயற்சி, வேண்டியது ஒரே ஒரு கஜம். டீபோவே ஓடினார், தடுத்துவிட்டார்கள். மாஸ்டர் உச் கொட்டினார். "இந்தத் தடவை எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறம் பலத்தை நம்பிப் போனா இப்படித்தான்."

மூன்றாவதாக அவர் எறிகிற வீடியோ. பத்து நொடி பார்த்திருப்பார். "இடது கைக்காரனா? பந்தை இடுப்பு வரைக்கும் இறக்கி, சுத்தி எடுத்துட்டு வர்றான் பாரு. டீ ஆத்தறப்ப கையை இப்படி நீட்டலாம், எறியறப்ப நீட்டுனா எதிர்ல இருக்கறவன் பார்த்துக்குவான். காலேஜ் பசங்க கிட்ட இது போதும். மேல போனா போதாது." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டீபோ என்.எஃப்.எல்-லுக்குப் போகிற நேரத்தில் அங்கே உள்ள நிபுணர்கள் மாதக்கணக்கில் பேசியது இதே குறையைத்தான். மாஸ்டர் அந்த ஆட்டத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்.

அண்ணன் ஜெயித்துவிட்டதாக மேஜையைத் தட்டினார். நான் அங்கேதான் அவரோடு மாறுபடுகிறேன், அன்றைக்கும் இன்றைக்கும்.

எங்கள் வேலையில் ஒரு நோயாளி எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் ஒவ்வொரு வருகைக்கும் தேதி போட்டுத் தனித்தனி இன்சூரன்ஸ் கிளெய்ம்தான் அனுப்புவோம். மார்ச்சில் நடந்த ஆபரேஷன் சரியாக நடந்ததா என்பதை நவம்பரில் வந்த காய்ச்சலை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. டீபோவின் காலேஜ் கணக்கை 2010 ஜனவரியோடு மூடிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கிறிஸ் லீக் விஷயத்தில் அண்ணன் சொல்வது நியாயம், அந்தப் பட்டத்தை நான் லீக் பேரில்தான் எழுதுவேன். மீதியைப் பாருங்கள். முதலிலிருந்தே இறங்கி ஆடிய ஆட்டங்களில் 35 வெற்றி, ஆறு தோல்வி. ஓடி எடுத்த டச்டவுன் மொத்தம் 57. காலேஜில் கடைசியாக ஆடிய சுகர் பவுல் ஆட்டத்தில் 35 பந்து எறிந்து 31 சேர்ந்தது, 482 கஜம். ஒரு சீசன் மட்டும் எடுத்தால் 2019-ல் 60 டச்டவுன் எறிந்து ஒன்றும் தோற்காமல் போன எல்.எஸ்.யூ குவார்ட்டர்பேக் ஜோ பரோவை நானே மேலே வைப்பேன். நான்கு வருடமும் சேர்த்துப் பார்த்தால் டீபோவுக்கு மேலே வைக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. 2023-ல் காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். காலேஜில் ஆடியதற்காக மட்டுமே கொடுக்கிற இடம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஓல் மிஸ் தோல்விக்குப் பிறகு 21 வயதுப் பையன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார். முதலில் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த சீசன் முடியும்வரை தன்னைப் போல் உழைக்கிற ஆட்டக்காரனையும் தன் அணியைப் போல் உழைக்கிற அணியையும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று குரல் கம்மச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அப்புறம் பத்து ஆட்டம் வரிசையாக வெற்றி. அலபாமாவை 31-20. கடைசியில் ஓக்லஹோமாவை 24-14 என்று அடித்து பட்டம். அந்தப் பேச்சைப் பலகையில் பொறித்து அங்கே பதித்து வைத்திருக்கிறார்கள். அலபாமா அண்ணன் கூட இந்த இடத்தில் எதிர்த்துப் பேசியதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு ரிஜெக்ட் ஆன கிளெய்ம் அடுக்கடுக்காக வந்து நிற்கும்போது நான் அந்த ஒன்றரை நிமிட வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறேன், பல தடவை.

கடைக்காரரிடம் அப்புறம் ஒருநாள் போட்டோவைக் காட்டி, மேலே ஆடப் போகவில்லையா என்று கேட்டேன். "முட்டி போச்சும்மா" என்றார். உடனே, அந்தப் போட்டோ எடுத்த அன்றைக்கு கடைசி ரைடில் மூன்று பேரைத் தொட்டு வந்ததை, யார் எந்தக் காலைப் பிடித்தார்கள் என்பது வரை சொல்ல ஆரம்பித்தார். டீ பொங்கி வழிந்தது, அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்து அடுப்பைத் தணித்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழிப்பறை கிடையாது. எனக்கு அக்கா பின்னாலிருக்கிற தன் வீட்டைத் திறந்துவிடுவார், எல்லோருக்கும் அது நடக்காது. வேப்பமரத்துப் பக்கத்து பெஞ்சு ஆடும். போண்டா சில நாள் எண்ணெய் குடித்திருக்கும், கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்பீர்கள். முதல் வாரம் நான் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளேயிருந்து ஒரு மர ஸ்டூலை எடுத்து வந்து பாய்லர் பக்கத்தில் போட்டார். "இங்க உக்காரும்மா, சூடா இருக்கும்" என்றார். மூன்று வருடமாக அது என் ஸ்டூல். இப்போது காலேஜ் பெண்கள் இரண்டு பேர் ஓட்டப் பயிற்சி முடித்துவிட்டு வருகிறார்கள், ஞாயிறு அவர்களுக்கும் இரண்டு ஸ்டூல் வெளியே வந்துவிடும்.

சில்லறை கொண்டு போங்கள். ஏழு மணிக்குள் போங்கள், கடலைச் சட்னி ஏழரைக்கு மேல் இருக்காது. வாடிக்கை ஆகிவிட்டால் கணக்கு எழுதிக்கொள்வார். கோடு போட்ட நோட்டில் எங்கள் பக்கத்தில் இரண்டு பெயர்தான் இருக்கிறது, 'புளோரிடா', 'அலபாமா'. என் டீ எப்போதும் புளோரிடா கணக்கில் ஏறுகிறது. போன வாரம் பார்த்தேன், அலபாமா 340 ரூபாய் பாக்கி.